குழந்தையை யார் தூக்குவார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் பித்தப்பைக் கல் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரை. கல் எப்படி உண்டாகிறது, எப்போது அறுவை சிகிச்சை தேவைப்படும் என்பதையெல்லாம் பதற்றப்படுத்தாமல் சொல்லியிருந்தார்கள். கடைசியில் மட்டும், வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுச் செய்கிற லேப்ராஸ்கோபி முறையில் செய்தால் மறுநாளே வீடு திரும்பலாம், ஓரிரு வாரத்தில் வழக்கமான வேலைகளுக்குப் போய்விடலாம் என்று முடித்திருந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அந்த வரி பொய் இல்லை, நானும் மறுநாள் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் வீட்டில் எனக்காக ஏழு மாதக் கைக்குழந்தையும் மூன்று வயதுப் பையனும் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என்னுடைய வழக்கமான வேலை. அதற்கு ஓரிரு வாரம் போதவில்லை.

எங்களுக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து ஆறு வருஷம் ஆகிறது. என் கணவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறார், நான் வேறொரு கம்பெனியில் பில் போடும் வேலை. வாடகை லைன் வீடு, வரிசையாக எட்டு வீட்டுக்கு வாசலில் ஒரே பைப்பு, தண்ணீர் சில நாட்களுக்கு ஒரு தடவை வரும், வந்தால் டிரம், குடம், பக்கெட் எல்லாவற்றிலும் பிடித்து வைக்க வேண்டும். மாமியாருக்கு முட்டி வலி, ஊரை விட்டு வர மாட்டார். அம்மா வருவார், ஆனால் அங்கே அப்பாவையும் இரண்டு மாட்டையும் விட்டுவிட்டு எத்தனை நாள் இருக்க முடியும்? இங்கே பக்கத்து லைன்களில் இருக்கிற பாதிக் குடும்பங்களின் நிலைமை இதுதான்.

வலி ஆரம்பித்தது இரண்டாவது குழந்தை பிறந்து மூன்றாவது மாதத்தில். ராத்திரி சாப்பிட்டுப் படுத்தால் ஒரு மணி, இரண்டு மணி வாக்கில் வலது விலாவுக்குக் கீழே யாரோ கைவைத்து அழுத்திப் பிடித்தது போல ஆரம்பிக்கும், அப்படியே முதுகில் ஏறி வலது தோள்பட்டைக்குப் போகும், உட்கார்ந்தாலும் வலி, நின்றாலும் வலி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து விடியும்வரை இருந்திருக்கிறேன். வாயு என்றார்கள். பச்சை உடம்பு, காற்று புகுந்துவிட்டது என்றார்கள். ஓமத் தண்ணீர், சோடா, இஞ்சிச் சாறு எல்லாம் ஆயிற்று. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது பித்தப்பையில் கற்கள், பெரியது 11 மில்லிமீட்டர். உடனே ஆளாளுக்கு வாழைத்தண்டுச் சாறு குடி, கரைந்துவிடும் என்றார்கள். வாழைத்தண்டு வைத்தியம் சிறுநீரகக் கல்லுக்குச் சொல்வது. பித்தப்பைக் கல் இருக்கிற இடமே வேறு, அது சிறுநீரில் வெளியே வருகிற கல் இல்லை. மாத்திரையில் கரைவதுகூடச் சில வகைச் சின்னக் கற்கள்தான், அதற்கும் மாதக்கணக்கில் ஆகும், நிறுத்தினால் திரும்ப வரும் என்று டாக்டர் விளக்கினார். வலி கொடுக்காமல் சும்மா கிடக்கிற கல்லை அப்படியே விட்டுவிடலாமாம். வலி கொடுக்க ஆரம்பித்துவிட்டால் மறுபடி மறுபடி வரும், கல் நழுவிப் போய்ப் பித்தக்குழாயை அடைத்தால் மஞ்சள் காமாலையோ கணைய அழற்சியோ ஆகிவிடலாம், அதற்கு முன்னால் எடுத்துவிடுவது நல்லது என்றார். சரி என்று ஒத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், என் கடிதத்துக்கே அடிப்படை இதுதான். பித்தப்பைக் கல் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது, அதற்குக் கர்ப்பம் ஒரு முக்கியமான காரணம். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுவதால் பித்தநீரில் கொழுப்பு அதிகமாகிறது, புரோஜெஸ்டிரோன் கூடுவதால் பித்தப்பை சுருங்கி விரிவது மந்தமாகிறது, பித்தநீர் உள்ளேயே தேங்கி முதலில் சேறு மாதிரியும் அப்புறம் கல்லாகவும் திரள்கிறது. பலருக்குப் பிரசவம் ஆனபிறகு அது தானாகவே சரியாகிவிடும், சிலருக்குத் தங்கிவிடும். அப்படியென்றால் இந்த ஆபரேஷனுக்கு வந்து படுக்கிற பெண்களில் கைக்குழந்தைக்காரிகள் நிறையப் பேர் இருக்கத்தானே செய்வார்கள்? எனக்கு நடந்தது எங்கேயோ ஒருத்திக்கு நடக்கிற அபூர்வம் இல்லை. ஆனாலும் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போது சர்க்கரை இருக்கிறதா, மருந்து ஒவ்வாமை இருக்கிறதா, பல் ஆடுகிறதா என்றெல்லாம் கேட்டவர்கள், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா, அதை யார் தூக்குவார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, அந்த வலி போனால் போதும் என்றுதான் இருந்தேன்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது நாலு பக்கக் காகிதம் கொடுத்தார்கள், முழுக்க ஆங்கிலம். மூன்றாம் பக்கத்தில் நாலு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்று இருந்தது. என் மகள் அப்போது ஏழே முக்கால் கிலோ. பையன் பதிமூன்று. ஒரு குடம் தண்ணீர் பதினைந்து கிலோ, தண்ணீர் கேன் இருபது, நிறைந்த கேஸ் சிலிண்டர் முப்பது கிலோ பக்கம் வரும். ஐந்து கிலோவுக்குள் என் வீட்டில் தூக்குவதற்கு என்ன இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், இட்லிப் பானையும் தலையணையும்தான் ஞாபகம் வருகிறது. எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும், அதனால் அந்த வரி கண்ணில் பட்டது. பக்கத்துப் படுக்கையில் இருந்த பெண் அந்தக் காகிதத்தை மடித்து மாத்திரைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அவர் இடுப்பிலும் ஒரு குழந்தை ஏறப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

என் பெரியம்மாவுக்கு 1988-ல் இதே பித்தப்பையை எடுத்தார்கள். அப்போதெல்லாம் வயிற்றைக் கிழித்துத்தான் செய்வார்கள். ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற டாக்டர் 1985-லேயே துளை போட்டு எடுத்துக்காட்டிவிட்டாலும், நம் நாட்டில் முதன்முதலாக மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா அந்த முறையில் செய்தது 1990-ல்தான். பெரியம்மாவுக்கு விலாவை ஒட்டி ஒரு சாண் நீளத் தழும்பு இருக்கும். அந்தத் தழும்பைப் பார்த்தவர்கள் ஒருவரும் அவரைக் குனிய விடவில்லை, இரண்டு மாதம் தண்ணீர்க்குடம் பக்கமே போக விடவில்லை என்று அம்மா சொல்வார். எனக்கு நாலு பிளாஸ்திரி. தொப்புளில் ஒன்று, மேல்வயிற்றில் ஒன்று, வலது பக்கம் சின்னதாக இரண்டு. பார்க்க வந்தவர்கள், இவ்வளவுதானா, ஊசி போட்ட மாதிரிதானே இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுப் போனார்கள். உள்ளே ஈரலிலிருந்து ஒரு உறுப்பைப் பிரித்து, அதன் குழாயையும் ரத்தக்குழாயையும் அடைத்து வெட்டி எடுத்தது இரண்டு பேருக்கும் ஒன்றுதான். துளைமுறை வந்தது பெரிய வரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பெரியம்மா பட்ட வேதனையில் கால்வாசிகூட நான் படவில்லை. ஆனால் காயம் சின்னதாக ஆக ஆக, ஓய்வு கொடுக்கிற மனசும் சின்னதாகிவிட்டது. என் கணவர் நல்லவர், என் மேல் உயிரையே வைத்திருப்பவர், அவரே கம்பெனியில் மூன்று நாள்தான் லீவு சொல்லியிருந்தார். கேட்டால், "கீஹோல்தானேம்மா, மூணு நாள் போதும்னாங்க" என்றார். அப்படித்தான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி வயிற்றைவிடத் தோள்தான் வலித்தது. வலது தோளில், மூச்சு இழுத்தால் கத்தி செருகினது போல. பித்தப்பையை எடுத்தும் அதே வலி வருகிறதே, கல்லை விட்டுவிட்டார்களோ என்று பயந்து அழுதுவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி உப்ப வைப்பார்கள், அதில் மிச்சம் இருப்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானத்தை உறுத்தும், அந்த நரம்பு வழியாக வலி தோளில் தெரியும், இரண்டு மூன்று நாளில் உடம்பே அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்ளும், எழுந்து மெதுவாக நடந்தால் சீக்கிரம் குறையும் என்று. இதை முன்கூட்டியே தமிழில் இரண்டு வரி சொல்லியிருந்தால் அந்த ராத்திரி அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

பால் விஷயத்திலும் இதே கதைதான். வார்டில் ஒரு சிஸ்டர், மயக்க மருந்து கொடுத்திருக்கிறது, இரண்டு நாள் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுங்கள் என்றார். மார் இரண்டும் கல்லாகிவிட்டது, குழந்தை வெளியே வராந்தாவில் அம்மா மடியில் கத்துகிறாள், எனக்கு அந்தச் சத்தம் கேட்கக் கேட்கச் சட்டை நனைகிறது. சாயங்காலம் மயக்க டாக்டர் வந்தபோது கேட்டேன். "நல்லா முழிச்சிருக்கீங்க, குழந்தையைப் பிடிச்சுக்க முடியுதுன்னா தாராளமா குடுங்கம்மா" என்றார். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகள் பால் கொடுப்பவர்களுக்கு ஒத்துவரும், டிரமடால், கோடீன் மாதிரியானவை வேண்டாம் என்று சீட்டிலும் மாற்றி எழுதினார். அப்புறம்தான் படித்தேன், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு டிரமடாலும் கோடீனும் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-லேயே எச்சரித்திருக்கிறது. நான் வாய் திறந்து கேட்காமல் இருந்திருந்தால் இரண்டு நாள் பால் சாக்கடைக்குப் போயிருக்கும், குழந்தை புட்டிக்குப் பழகியிருக்கும். கைக்குழந்தை இருக்கிற பெண்கள் சேரும்போதே, நான் பால் கொடுக்கிறேன் என்று டாக்டர், சிஸ்டர், மயக்க டாக்டர் மூன்று பேரிடமும் சொல்லிவிடுங்கள். ஒருவரிடம் சொன்னால் மற்றவருக்குப் போய்ச் சேரும் என்று நினைக்காதீர்கள்.

பெரியவன்தான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தான். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் ஓடிவந்து என் மேல் தாவுவது அவன் வழக்கம், நின்றால் காலைக் கட்டிக்கொள்வான், படுத்தால் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்து குதிரை ஓட்டுவான். போவதற்கு முன்னாலேயே அவனிடம் சொல்லிவைத்திருக்கலாம், நான் சொல்லவில்லை. வந்த அன்று அவன் ஓடிவர, என் கணவர் பாதியிலேயே அவனைப் பிடித்து இழுத்துவிட்டார், பிள்ளை மிரண்டுபோய் அன்று முழுக்க என் பக்கமே வரவில்லை. மறுநாள் அவனை உட்காரவைத்து நைட்டியைக் கொஞ்சம் விலக்கி நாலு பிளாஸ்திரியையும் காட்டினேன். ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணினான். "வலிக்குதாம்மா?" என்றான். தொட்டால் வலிக்கும், பக்கத்தில் உட்கார்ந்தால் வலிக்காது என்றேன். அன்றிலிருந்து தினமும் காலையில் வந்து எண்ணுவான், தங்கச்சி தவழ்ந்து என் பக்கம் வந்தால், "அம்மாக்கு நாலு பிளாஸ்திரி" என்று அவளிடம் சொல்லுவான். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கண்ணால் காட்டிவிட்டால் புரிந்துவிடுகிறது. வெறுமனே தொடாதே, தள்ளிப்போ என்றால்தான் அம்மா நம்மை வெறுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்கிறான்.

எட்டாவது நாள் அம்மா ஊருக்குக் கிளம்பினார். போகும்போது அழுதுகொண்டேதான் போனார். அன்று மத்தியானம் மகள் தவழ்ந்து நிலைப்படிக்குப் போய்விட்டாள், வெளியே மூன்று படி இறங்கினால் சிமெண்ட் தரை, கழுத்து வெளியே நீட்டிக்கொண்டு தெரிகிறது. ஐந்து கிலோ, நாலு வாரம் எதுவும் என் நினைவில் இல்லை. ஓடிப்போய் ஒரு கையால் வாரித் தூக்கிவிட்டேன். தொப்புளில் சுரீர் என்று ஒரு இழுப்பு. அப்படியே அவளோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன், எழ முடியவில்லை. ராத்திரி பார்த்தால் தொப்புள் பிளாஸ்திரியில் ரத்தமும் நீருமாகக் கசிந்திருந்தது. மறுநாள் போய்க் காட்டினோம். தையல் பிரியவில்லை, குடலிறக்கமும் இல்லை, தப்பித்தீர்கள் என்றார் டாக்டர். துளை போட்ட இடங்களில் தொப்புளில்தான் பின்னால் குடலிறக்கம் வர வாய்ப்பு அதிகம், அதனால்தான் தூக்காதீர்கள் என்கிறோம் என்றார். அப்போதாவது அவரிடம் கேட்டிருக்க வேண்டும், சார், அந்த நேரத்தில் நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று. கேட்கவில்லை. இப்போது உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன்.

அதற்குப் பிறகு எங்களைக் காப்பாற்றியது மூன்றாவது வீட்டில் இருந்த ஒடிசாக்காரப் பெண். அவருக்குத் தமிழ் பத்து வார்த்தைதான் தெரியும், எனக்கு இந்தி அதுகூடத் தெரியாது. அன்று நான் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர், மறுநாளிலிருந்து காலையில் கம்பெனிக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை, மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு தடவை, வாசலில் நின்று "தீதி" (அக்கா) என்று கூப்பிடுவார். வந்து குழந்தையைத் தொட்டிலில் போடுவார், இல்லையென்றால் தொட்டிலிலிருந்து எடுத்து என் பக்கத்தில் விடுவார், இரண்டு குடம் தண்ணீரை அடுப்படியில் வைப்பார், போய்விடுவார். மொத்தமே பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்தாலும் தகாது. ஆனால் ஆபரேஷன் முடிந்த ஒரு தாய்க்கு இப்படி ஒருவர் பக்கத்து வீட்டில் இருப்பதும் இல்லாததும் அவளவள் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாமா?

நாளாக ஆக நானே சில வழிகளைக் கண்டுபிடித்துக்கொண்டேன், இதைப் படிக்கிற யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன். சேலைத் தொட்டிலைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே பாய் விரித்துப் படுக்க வைத்தேன், தொட்டிலில் போடுவதும் எடுப்பதும்தான் வயிற்றுக்கு ரொம்பக் கஷ்டம், குனிந்துகொண்டே கையை நீட்டித் தூக்க வேண்டும். நிலைப்படிக்குக் குறுக்கே பெஞ்சைப் படுக்கப் போட்டுவிட்டோம். குழந்தையை நான் தூக்குவதற்குப் பதிலாகத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு கிலுகிலுப்பையை ஆட்டினால் அவளே தவழ்ந்து மடியில் ஏறிவிடுவாள். பால் கொடுக்கும்போது வயிற்றின் மேல் தலையணை, அவள் உடம்பைக் குறுக்கே போடாமல் என் கைக்கடியில் இடுக்கிக்கொண்டால் காலால் காயத்தை உதைக்க முடியாது. ராத்திரியில் ஒருக்களித்துப் படுத்துக் கொடுத்தேன். படுத்து எழும்போது நேராக எழவே கூடாது, பக்கவாட்டில் புரண்டு கையை ஊன்றித்தான் எழ வேண்டும். இருமல் வந்தாலும் தும்மல் வந்தாலும் தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டால் வலி பாதியாகிவிடும். எங்கள் லைனில் இருப்பது குந்தி உட்காரும் கழிவறை, முதல் வாரம் அங்கே போய்வருவது பெரிய பாடு. மலச்சிக்கல் வந்து முக்கினால் துளையெல்லாம் இழுக்கும், அதனால் தண்ணீர், பப்பாளி, கீரை. ஆபரேஷனுக்கு முன்னாலேயே வீட்டுச் சாமான்களில் தினமும் எடுப்பதையெல்லாம் இடுப்பு உயரத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனால் பாதிக் குனிதல் மிச்சம். நான் வந்தபிறகுதான் மாற்றினேன்.

சாப்பாட்டைப் பற்றி ஊரே பயமுறுத்தியது. பித்தப்பை போனால் ஆயுசுக்கும் எண்ணெய், தேங்காய் தொடக்கூடாது என்றார்கள். அப்படியில்லை. ஈரல்தான் பித்தநீரைச் சுரக்கிறது, பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கிற பைதான், பை இல்லையென்றால் பித்தநீர் நேரே குடலுக்குப் போகிறது. அதனால் முதல் சில வாரம் கொழுப்பு அதிகமாகச் சாப்பிட்டால் சிலருக்கு வயிறு உப்பும், வயிற்றோட்டம் ஆகும், போகப்போக உடம்பு பழகிக்கொள்ளும். நான் முதல் பத்து நாள் இட்லி, ரசம் சாதம், இடியாப்பம், கஞ்சி என்று கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை சாப்பிட்டேன், மூன்றாம் வாரம் மோர்க்குழம்பு, ஒரு மாதம் கழித்துத் தேங்காய்ச் சட்னி, ஒன்றும் ஆகவில்லை. பால் கொடுப்பவள் பட்டினி கிடக்கக்கூடாது, பயத்தில் வெறும் கஞ்சியோடு நிறுத்திவிடாதீர்கள். அதே சமயம், காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, குறைந்துவந்த வயிற்றுவலி திரும்பக் கூடினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, காயத்தில் சீழ் வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. குழந்தையை யாரிடம் விட்டுப் போவது என்று யோசித்தே பெண்கள் இதில் இரண்டு நாள் கடத்திவிடுகிறார்கள். நானும் அந்தத் தொப்புள் கசிவை ஒரு ராத்திரி கடத்தினவள்தான்.

ஆசிரியர் அவர்களே, நம்மிடம் பிரசவத்துக்கு என்று ஒரு முறை இருக்கிறது. தாய்வீடு, மூன்று மாதம், பத்தியம், எண்ணெய்க் குளியல், குழந்தையைத் தூக்க ஆள். யாரும் சட்டம் போடாமலே அது நடக்கிறது. குழந்தை பிறந்து ஏழாவது மாதத்தில் அதே தாய்க்கு வயிற்றில் ஆபரேஷன் என்றால் அதற்கு ஒரு முறையும் இல்லை. சட்டத்திலும் இல்லை. மகப்பேறு விடுப்பு 26 வாரம் எனக்குக் கிடைத்தது, அது முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகுதான் ஆபரேஷன். எனக்கு ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு இருந்ததால் உடம்பு முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வந்தது, வருஷத்துக்கு 91 நாள் வரை அப்படித் தருகிறார்கள், அது பெரிய உதவி. ஆனால் அது நோயாளிக்கு. நோயாளியின் குழந்தையைத் தூக்க வேண்டியவருக்கு எதுவும் இல்லை. என் கணவர் நாலாவது நாள் வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் அந்த நாள் கூலி இல்லை, அதற்குமேல் நின்றால் வேலையே இல்லை.

இன்னொன்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று மகப்பேறு சட்டத்தில் 2017-ல் திருத்தம் கொண்டுவந்தார்கள். நான் வேலை செய்யும் கம்பெனியில் காப்பகம் இருக்கிறது, நல்ல ஆயா இருக்கிறார், என் மகளும் அங்கே பதினைந்து நாள் போய்ப் பழகியிருந்தாள். ஆபரேஷன் முடிந்தபிறகு என் கணவர் போய், பகலில் மட்டும் குழந்தையை இங்கே விடலாமா என்று கேட்டார். தாய் வேலைக்கு வரும் நாளில்தான் குழந்தையைச் சேர்ப்போம் என்றுவிட்டார்கள். அவர்களுக்கு அவர்கள் விதி. ஆனால் யோசித்துப் பாருங்கள், தாய் நல்லபடியாக நடமாடும் நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இடம் இருக்கிறது, தாய் எழ முடியாத நாளில் அதே குழந்தைக்கு அதே இடத்தில் இடம் இல்லை. அந்த நாலு வாரம் மட்டும் அவளை அங்கே வைத்திருந்தால் கம்பெனிக்கு என்ன பெரிய செலவு ஆகியிருக்கும்? தொழிலாளர் துறையில் இருப்பவர்களும் கம்பெனி முதலாளிகளும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள், இந்த ஒரு விதியை மட்டுமாவது மாற்றச் சொல்லி எழுதுங்கள்.

டாக்டர்களிடம் நான் கேட்பது அதைவிடச் சுலபம். அவசரமாகச் செய்தே ஆக வேண்டிய கேஸ் வேறு. என்னைப் போல நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன் என்றால், தேதி எழுதுவதற்கு முன்னால் வீட்டில் ஐந்து வயதுக்குள் பிள்ளை இருக்கிறதா, நாலு வாரம் அதைத் தூக்க யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கூட வந்திருக்கிற கணவரையும் மாமியாரையும் உட்காரவைத்து அவர்கள் காதில் விழுகிற மாதிரி கேளுங்கள், ஏனென்றால் நாங்கள் சொன்னால் சோம்பல் என்பார்கள், நீங்கள் சொன்னால் வைத்தியம் என்பார்கள். ஆள் இல்லையென்றால் ஒரு மாதம் தள்ளிப்போட முடியுமா, கொழுப்பில்லாத சாப்பாட்டில் அதுவரை சமாளிக்க முடியுமா என்று பாருங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுக்கிற காகிதத்தில் ஒரு பக்கமாவது தமிழில் கொடுங்கள், அதில் ஐந்து கிலோ என்று எழுதாமல் தண்ணீர்க்குடம், சிலிண்டர், இடுப்புப் பிள்ளை என்று எழுதுங்கள். எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் கைராசிக்காரர், ஒரு குறையும் வைக்கவில்லை, இன்றைக்கு நான் நன்றாக இருக்கிறேன். அந்தக் கேள்வியை மட்டும் அவர் கேட்டிருந்தால் நான் அம்மாவை முதல் எட்டு நாளுக்குக் கூப்பிட்டிருக்க மாட்டேன். முதல் மூன்று நாள் கணவர், அடுத்த பத்து நாள் அம்மா, அப்புறம் ஒரு வாரம் நாத்தனார் என்று பிரித்துப் போட்டிருப்பேன்.

எங்கள் பில்லிங் செக்‌ஷனிலேயே ஒரு பெண்ணுக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை இதே ஆபரேஷன். அவளுக்கு ஒன்றரை வயதில் ஒரு பையன், பத்து கிலோ இருப்பான், கணவர் லாரியில் போகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் முறை எழுதியிருக்கிறோம், காலையில் யார், சாயங்காலம் யார், தண்ணீர் வரும் நாளில் யார் என்று. திங்களும் செவ்வாயும் என் பெயர் இருக்கிறது. அவள் வீட்டுத் தொட்டிலை இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கழற்றிவிட்டு வரப் போகிறேன்.

இப்படிக்கு,
இரண்டு குழந்தைகளின் தாய்,
திருப்பூர்.